அக்காவின் பாதமும் அச்சடித்த கடற்பாசியும்

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், அணைக்கட்டு, அருவி என்றுதான் எழுதியிருக்கிறேன். போன தை மாதம் புதுச்சேரி போனது அப்படிச் சுற்றிப் பார்க்க இல்லை. என் அக்கா மங்கையின் வலது காலைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டு வரப் போனோம். திரும்பி வந்து இரண்டு படம் போட்டதும், வீட்டில் சர்க்கரைப் புண்ணோடு ஆள் இருப்பவர்கள் பலர் எப்படிப் போனீர்கள், எங்கே தங்கினீர்கள், அந்த ஒட்டு எதில் செய்தது என்று கேட்டு எழுதினார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை. பகல் பொழுதில் பாதி அடுப்பின் முன் நின்றபடியே போகும். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. புதுச் செருப்புக்குள் கிடந்த சின்னக் கல் ஒன்று பெருவிரலுக்குக் கீழே ஒரு நாள் முழுக்க அறுத்திருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுத் தரையில் ரத்தத் தடம் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். எட்டு மாதம் கட்டுக் கட்டியும் ஆறவில்லை. ஒரு முறை சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாள். புண் எலும்பைத் தொட்டுவிட்டால் முன்பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று எங்கள் ஊர் டாக்டர் சொன்னார். அவரேதான், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையும் ஆய்வுக்கூடமும் சேர்ந்து, புண்ணின் அளவுக்கே அச்சடித்த ஒட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, அங்கே பேசியும் வைத்தார்.

அச்சு என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பிரிண்டரோடு மல்லுக்கட்டித்தான் என் பிழைப்பு. காகிதத்தில் அடிப்பது போலக் காலுக்கு எப்படி அடிப்பார்கள் என்று மனதுக்குள் உருட்டிக்கொண்டே கிளம்பினேன்.

விருத்தாசலத்திலிருந்து நேராகப் புதுச்சேரிக்கும் பஸ் உண்டு. ஆனால் கூட்டம் இருக்கும். நாங்கள் காலை ஆறு மணிக்குக் கடலூர் பஸ் பிடித்தோம். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். மூன்று பேர் சீட்டில் இரண்டு பேராக உட்கார்ந்து, அக்காவின் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் கட்டைப் பார்த்துவிட்டு, அந்த சீட்டுக்கு வேறு ஆள் அனுப்பவில்லை. வடலூர் வந்ததும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். எங்கள் குடும்பம் வடலூர் வழி. புலால் கிடையாது, உயிர்க்கொலை கிடையாது. அக்கா அதில் என்னைவிடக் கெட்டி. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் முட்டை அவித்து எண்ணிக் கொடுப்பாள், தன் வாயில் ஒரு துண்டு வைத்ததில்லை.

கடலூரில் இட்லி சாப்பிட்டு, புதுச்சேரி பஸ் மாறினோம். அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். ஆய்வுக்கூடம் இருக்கும் முதலியார்பேட்டையிலேயே இறங்கிக்கொள்ளலாம், பேருந்து நிலையம் வரை போக வேண்டியதில்லை. எங்களுக்கு அது தெரியாமல் நிலையம் வரை போய், ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்துத் திரும்பி வந்தோம். ஆட்டோக்காரர் வழியில் தங்க இடமும் சொன்னார்.

"அங்க ஒரு சொல்தா வீடு இருக்கு சார். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவரு. கீழ் ரூம வாடகைக்கு விடுவாரு. படி ஏற வேணாம் பாருங்க, கால் சரியில்லாதவங்களுக்கு அதான் தோது."

நாள் வாடகை எண்ணூறு. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. எடுத்துக்கொண்டோம்.

பதினோரு மணிக்கு ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளம். அங்கே எங்களைப் பார்த்தவர் ரெஹானா. முப்பத்தைந்து வயதிருக்கும். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பாவும் சித்தப்பாக்களும் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார்களாம்.

"எங்க வீட்ல எல்லாருமே அளவெடுக்குறவங்கம்மா," என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே கட்டைப் பிரித்தார். "நான் ஒருத்திதான் புண்ணுக்கு அளவெடுக்குறேன்."

கையடக்கமான ஒரு கேமராவைப் புண்ணின் மேல் மெதுவாக நகர்த்தினார். எதிரே திரையில் அக்காவின் உள்ளங்கால் எழும்பி வந்தது. ஒரு ஓரம் ஆழம், ஒரு ஓரம் மேடு, நடுவில் ஒரு திட்டு. எட்டு மாதமாகத் துணிக்குள் ஒளிந்திருந்ததை முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன். மலையும் பள்ளமுமாக ஒரு நிலப்படம் போல இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ ஆழமா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு ரெஹானா எங்களை உட்கார வைத்து விளக்கினார். அந்தப் பள்ளத்தின் வடிவத்திலேயே ஒரு மெல்லிய ஒட்டை இயந்திரம் அச்சடிக்கும். அதற்கு மை, இயற்கையில் கிடைக்கும் மாவுச்சத்து இனத்துப் பொருள்கள்.

"டீயில போடுற சர்க்கரை தனித்தனி ஆளு. இதுல அதே மாதிரி ஆளுங்க ஆயிரக்கணக்குல கைகோத்து நீளமா நிக்கிறாங்க. அவ்ளோதான் வித்தியாசம். நெல்லுல, பருத்தியில, பாசியில எல்லாத்துலயும் இந்தச் சங்கிலிதான்."

அக்கா திடுக்கிட்டாள். "எனக்கு சுகரும்மா. சுகராலதான் இந்தக் கதி. அது மேல சர்க்கரையவே வச்சிக் கட்டுவீங்களா?"

ரெஹானா சிரித்தார். "எல்லாரும் கேக்குற கேள்விதான். ரத்தத்துல ஏறுற சர்க்கரையா இது மாறாது, பயப்படாதீங்க. ஈரத்தப் புடிச்சி வச்சிக்கும். புதுச் சதை வளர்றதுக்கு ஏறிப்போக ஒரு பந்தல் மாதிரி நிக்கும்."

அக்காவின் உடம்பைப் பத்து வருடமாக அரித்துவந்த அதே இனிப்பு, வேறு விதமாகக் கோத்து நின்றால் புண்ணுக்குப் பந்தலாகும் என்பதை என்னால் சட்டென்று உள்வாங்க முடியவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன் என்று அக்கா பிறகு சொன்னாள்.

"எந்தப் பொருள்லேர்ந்து எடுப்பீங்க?" என்று அக்கா கேட்டாள். சமையல்காரி அல்லவா, என்ன சேர்கிறது என்று கேட்காமல் விடமாட்டாள்.

"ரெண்டு. ஒண்ணு கடல்பாசி. இன்னொண்ணு நண்டு ஓடு."

அக்கா காலை மெல்ல இழுத்துக்கொண்டாள். "வேணாம்மா," என்றாள்.

ரெஹானா வற்புறுத்தவில்லை. பாசி மட்டும் வைத்து அச்சடிக்கும் ஒட்டும் இந்த ஆய்வில் இருக்கிறது, இரண்டுக்குமே அனுமதி உண்டு, எது என்று கால் டாக்டர் சொல்வார் என்றார். கால் டாக்டர் இருதயராஜ் மதியம் வந்து பார்த்தார். ஏற்கெனவே சீழ் பிடித்த புண் என்பதால் நண்டு ஓடு கலந்ததே நல்லது, கிருமி அண்டாமல் இருக்க அது உதவும் என்பது அவர் கருத்து. நாளைக்கு யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் காற்று வாங்க உட்கார்ந்தோம். ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள். அதனால் ஆட்டோவைக் குறுக்குத் தெரு முனையில் நிறுத்தி, கொஞ்சம் நடந்துதான் போக வேண்டும். காலில் புண் உள்ளவர்கள் அதை நினைவில் வையுங்கள். நான் பேச்சை எடுத்தேன்.

"மருந்துதான அக்கா. நீ திங்கவா போற?"

"தின்னாத்தான் ஆச்சா?"

"தெனம் முட்டை அவிக்கிற. கையால உரிச்சிக் குடுக்குற."

"அது புள்ளைங்களுக்கு. எனக்கு இல்ல."

"கால் போயிட்டா எந்தப் புள்ளைக்கு அவிப்ப?"

அக்கா கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அலை கருங்கல்லில் அடித்துத் தெறிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று தெரிந்தது. ஆனால் பயத்தில் இருப்பவனுக்கு வேறு எப்படிப் பேச வரும்? சிறிது நேரம் கழித்து அவளே, "அந்த ஓடு எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும்டா. அதுக்காக ஒரு உசுர கொல்றாங்களான்னு எனக்குத் தெரியணும்," என்றாள்.

மறுநாள் காலை ரெஹானாவிடம் கேட்டதற்கு, வீராம்பட்டினத்தில் அஞ்சலை என்பவரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லி, போனிலும் பேசிவிட்டார். கடலூர் சாலையில் அரியாங்குப்பம் வரை போய் இடது பக்கம் கடலை நோக்கித் திரும்ப வேண்டும். முதலியார்பேட்டையிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். போகவர, காத்திருப்பும் சேர்த்து ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார், பேரம் பேசவில்லை. ஆடித் தேர்த் திருவிழாச் சமயம் என்றால் அந்தப் பக்கம் வண்டியே நகராது என்றார். நாங்கள் போன அன்று ஊர் அமைதியாக இருந்தது. கோயிலைத் தாண்டி, படகுகள் ஏற்றிக் கிடக்கும் மணலுக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள் அவித்த நண்டை உடைத்துச் சதையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்றம் அடித்தது. அக்கா முந்தானையால் மூக்கை மூடவில்லை, மூடினால் அவர்கள் மனம் நோகும் என்று நினைத்திருப்பாள். அஞ்சலை எழுந்து வந்து, அக்காவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டார்.

"ரெஹானா மேடம் சொன்னாங்க. எந்தக் காலு?"

அக்கா காட்டினாள். அஞ்சலை குனிந்து கட்டைப் பார்த்துவிட்டு, "எங்க மாமியாருக்கும் இதே எடம். முட்டி வரைக்கும் எடுத்துட்டாங்க," என்றார். 

கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஓடுகள் குவிந்து கிடந்தன. சதை விற்பனைக்கு, ஓடு குப்பைக்கு. முன்பெல்லாம் மணலில் பள்ளம் தோண்டிப் புதைப்பார்களாம். இப்போது ஒரு பகுதியை ரெஹானாவின் ஆட்கள் வந்து அள்ளிப் போகிறார்கள்.

"அப்போ இதுக்காகப் புடிக்கிறதில்ல?" என்றாள் அக்கா.

"ஓட்டுக்கு எவன் நண்டு புடிப்பான்? சதைக்குத்தான். ஆனா உசுரு போறது போறதுதான்க்கா. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அந்த நேர்மை அக்காவுக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. திரும்பி நடக்கும்போது, வலை உதறிய இடத்தில் முழு உருவமாக ஒரு நண்டு ஓடு கிடந்தது. கால், கொடுக்கு, கண் இருந்த இடம் எல்லாம் அப்படியே. தூக்கினால் எடையே இல்லை, உள்ளே ஒன்றுமில்லை. அஞ்சலை அதை எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

"இது செத்தது இல்ல. கழட்டிப் போட்டது. ஒடம்பு பெருசாச்சின்னா பழைய ஓடு பத்தாது, பின்னால தெறந்துக்கிட்டு வெளிய வந்துடும். வந்ததும் பஞ்சு மாதிரி இருக்கும். புது ஓடு கெட்டியாவுற வரைக்கும் மண்ணுக்குள்ள பூந்துக்கும். எது வேணா புடிச்சித் தின்னுடும் பாருங்க."

அக்கா அந்த ஓட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் இருந்த துளை வழியே வானம் தெரிந்தது. கொடுக்கு நுனி வரைக்கும் தன்னை உருவிக்கொண்டு வெளியே போன ஒரு உயிர் அந்தக் கடலில் எங்கேயோ இருக்கிறது என்ற நினைப்பில் நானும் கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தேன்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் அக்கா ரெஹானாவிடம், கழற்றிப் போட்ட ஓட்டில் மை செய்ய முடியாதா என்று கேட்டாள்.

"முடியும்மா. அதுலயும் அதே சங்கிலிதான். ஆனா ஒங்க கால்ல வைக்க முடியாது. எங்ககிட்ட இருக்கிற மை ஒவ்வொண்ணும் எத்தனையோ சோதனை தாண்டி வந்தது. கரையில பொறுக்குனத நம்பி ஒங்க புண்ணுல வைக்க எனக்குத் தைரியம் இல்ல."

டாக்டர் இருதயராஜும் அப்போது அங்கே இருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல பாசி மட்டும் போடுங்க டாக்டர். ரெண்டு வாரம். அதுல ஆறலன்னா நண்டு போடுங்க. நான் மறுக்க மாட்டேன்."

அவர் புண்ணை இன்னொரு முறை பார்த்தார். "இப்ப சுத்தமாத்தான் இருக்கு. சரி, ரெண்டு வாரம். நடுவுல காய்ச்சல், நாத்தம் எது வந்தாலும் அன்னைக்கே மாத்திடுவேன். சம்மதமா?"

"சம்மதம்."

அன்று மதியம் அச்சடிப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க விட்டார்கள். உள்ளே ஒரு சின்ன இயந்திரம். மை, ஊசி மருந்துக் குழல் போன்ற ஒன்றில் இருந்தது, கஞ்சித் தண்ணீர் நிறம். குழலின் நுனி தட்டின் மேல் இறங்கி, தையல் நூலைவிட மெல்லிய கோடுகளை இழுத்தது. இடமிருந்து வலம் ஒரு வரிசை, அதன் மேல் குறுக்கே ஒரு வரிசை, அதன் மேல் இன்னொன்று. பாய் பின்னுவது போல நடுவில் கண் விட்டு விட்டு ஏறியது. என் கடையில் ஓடும் பிரிண்டர் தட்டையான படத்தைத்தான் தரும். இது மேலே மேலே எழும்பியது. கொஞ்சம் கொஞ்சமாக, நேற்றுத் திரையில் பார்த்த பள்ளம் தலைகீழாகத் திரும்பி ஒரு மேடாக உருவானது. ஆழமான ஓரம் தடித்து, நடுத்திட்டு இருந்த இடம் மெலிந்து, அக்காவின் புண் அப்படியே. கடைசியில் சுண்ணாம்புச் சத்து கலந்த தண்ணீரை அதன் மேல் தெளித்தார்கள். அதுவரை கொழகொழவென்று இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுங்கு போலக் கெட்டியானது.

"கடல்ல கெடந்த பாசி," என்றாள் அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி. "என் கால எப்படிடா தெரிஞ்சி வச்சிருக்கு?"

உறையில் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், டாக்டர் அதைப் புண்ணில் வைத்தபோது விரலால் அழுத்தக்கூடத் தேவைப்படவில்லை. சாவி போல உட்கார்ந்தது. அதன் மேல் கட்டு, அதற்கு மேல் பாதத்தில் எடை விழாமல் காக்கும் ஒரு தடித்த பூட்ஸ்.

இரண்டு வாரமும் அந்தக் கீழ் அறையிலேயே தங்கினோம். சில நாளுக்கு ஒரு முறை புது ஸ்கேன், புது ஒட்டு. நான் நடுவே ஊருக்குப் போய்க் கடையைத் திறந்து மூடிவிட்டு வந்தேன். முதல் வாரம் ஓரங்களில் ரோஜா நிறத்தில் சதை ஏறியது. இரண்டாவது வாரம் முன்பக்க மூலையில் மட்டும் மஞ்சள் தட்டி, அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் அதைக் காட்டினார். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொன்னது சொன்னதுதான்," என்றாள் அக்கா. "நண்டே போடுங்க."

அன்றைக்கு அச்சடித்த ஒட்டு லேசான தேன் நிறம். வைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் அதைத் தன் பக்கம் காட்டச் சொன்னாள். உறைக்குள் இருந்ததைப் பார்த்துக் கும்பிட்டாள். ரெஹானாவும் டாக்டரும் காத்து நின்றார்கள். பிறகு அவளே காலை நீட்டினாள். நண்டு வைத்ததற்காக வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அன்று முதல் கால் ஆறும் வரை ஒரு வேளைச் சாப்பாட்டை விட நினைத்தாள். சர்க்கரைக்காரர் பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்ததால், காப்பியை விட்டாள்.

அதன் பிறகு வாரம் ஒரு முறை விருத்தாசலத்திலிருந்து போய் வந்தோம். மாசியில் மஞ்சள் போனது. பங்குனியில் புண் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். இது எல்லோருக்கும் கிடைக்கும் சிகிச்சை இல்லை, ஆய்வு நிலையில் இருப்பது. உங்கள் டாக்டர் மூலமாகத்தான் போக முடியும், எல்லாப் புண்ணையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒட்டுக்குக் காசு வாங்கவில்லை, பஸ்ஸும் தங்கலும் சாப்பாடும் நம் செலவு. நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்விடலாம். முதலியார்பேட்டையில் இறங்குங்கள், எங்களைப் போலப் பேருந்து நிலையம் வரை போய் அலையாதீர்கள். தரைத்தள அறையாகப் பாருங்கள். ஒட்டு மட்டுமே ஆற்றிவிடும் என்று நம்பாதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்ததும், காலில் எடை விழாமல் காத்ததும் பாதி வேலை என்று டாக்டரே சொன்னார். எது எவ்வளவு ஆற்றியது என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது, அதற்குத்தான் ஆய்வு என்றார். கூடப் போகிறவர்களுக்கு ஒன்று. என்ன சேர்க்கிறார்கள் என்று நோயாளி கேட்டால் கேட்க விடுங்கள். அவசரத்தில் நாம் குறுக்கே பேசிவிடுகிறோம், கால் அவர்களுடையது.

கடைசியாகப் போனது சித்திரை பிறந்த பிறகு. அக்கா பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். ரெஹானா வழக்கம் போலக் கேமராவை நகர்த்தினார். திரையில் பாதம் எழும்பியது. கணினி பள்ளத்தைத் தேடி அதன் ஓரங்களில் சிவப்புக் கோடு இழுக்கும் இடத்தில் எந்தக் கோடும் வரவில்லை. ரெஹானா இன்னொரு முறை நகர்த்தினார். அப்போதும் வரவில்லை. இயந்திரம் இருக்கும் அறையிலிருந்து உதவியாளர் எட்டிப் பார்த்து, "மேடம், பைல் வரலியே, எதப் பிரிண்ட் போடுறது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா," என்றார் ரெஹானா. "இவங்களுக்குப் போடுறதுக்கு ஒண்ணும் இல்ல."

அக்கா குனிந்து, புதுத் தோல் மூடிய இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். காலுக்கு அந்தத் தொடுதல் தெரியாது, அந்த உணர்ச்சி திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். விரலுக்குத் தெரிந்தது. வெகுநேரம் விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.